மஞ்சள் கோட்டுக்குள் யாரும் இல்லை

நாச்சியாருக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்பது சாலைக் கம்போளக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர் முதல் மொத்த வியாபாரி வரைக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அவள் ஒரு விளக்குக் கம்பத்தோடு சண்டை போட்டதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"எளவெடுத்த விளக்கே, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? எவன் நிக்கான் அங்க? சொல்லு, எவன் நிக்கான்?"

கம்பம் என்ன சொல்லும்? சிவப்பாக எரிந்துகொண்டு நின்றது.

அதற்கு முந்தைய நிலைமையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேமராக்காரர்கள் மேல் வீண்பழி விழும். திருவனந்தபுரத்தின் அந்தப் பழைய கடைத்தெருவில் லாரி, குட்டியானை வேன், ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக நின்று, நடந்து போகிறவன் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும். அப்படிப்பட்ட தெருவில் ஒரு கம்பெனி வந்து கடைகளுக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டுக் கட்டம் கட்டியது. கட்டத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு கேமரா, அதற்குக் கீழே ஒரு விளக்கு. கட்டம் காலியாக இருந்தால் பச்சை எரியும். வண்டியை விடலாம். கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும், கொடுத்த நேரத்துக்குள் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும். சிவப்பில் நுழைந்தாயோ, நீ எஞ்சினை அணைப்பதற்குள் அபராதச் சீட்டு போனுக்கு வந்துவிடும். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் கம்பெனிக்காரனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாச்சியாரின் அரிசி, பலசரக்கு மண்டிக்கு முன்னால் மட்டும் கட்டம் காலியாகவே கிடந்தது, விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

லாரிகள் எல்லாம் கிழக்கே, தெருமுனையில் நின்று சரக்கை இறக்கின. அங்கிருந்து மூட்டைகளைத் தலையில் சுமந்து வர வேண்டியிருந்தது. சுமட்டுக்காரர்களின் மூப்பனான பினு முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"சேச்சி, இது எந்து கதை? வண்டியும் இல்ல, ஆளும் இல்ல, செவப்பு மட்டும் உண்டு. எங்க ஆளுகளுக்குக் கழுத்து ஒடியுது கேட்டோ."

நாச்சியார் கம்பெனிக்கு போன் செய்து, ஹரிகுமாரை வரவழைத்தாள். அவன்தான் அந்தத் தெருவின் கேமராக்களை மாட்டியவன். கரமனை அக்கிரகாரத்துப் பையன். நாச்சியார் வீடும் கரமனையில்தான் என்பதால், அவனை அரை டிராயர் காலத்திலிருந்து தெரியும். அந்த உரிமையில் அவன் வந்து இறங்கியதும் அவனையும் ஒரு பிடி பிடித்தாள். அவன் கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்து அவளிடம் காட்டினான்.

திரையில் அவள் கடை, படிக்கட்டு, மஞ்சள் கட்டம் எல்லாம் தெரிந்தன. கட்டத்துக்குள், படிக்கட்டை ஒட்டி, ஒன்றுமில்லாத தார் ரோட்டைச் சுற்றி ஒரு சிவப்புச் சதுரம். அதன் மேல் 'ஆள்' என்று எழுதியிருந்தது.

நாச்சியார் திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள். மழை பெய்து ஈரமாகக் கிடந்த ரோடு. அந்தச் சதுரம் நிற்கிற ஆளின் உயரமும் இல்லை, படுத்திருக்கிற ஆளின் நீளமும் இல்லை. குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற ஒருவரின் அளவு.

"ஏலே, என்னலே இது?" என்றாள். குரல் பாதி இறங்கிவிட்டது.

"பதட்டப்படாதேங்கோ மாமி. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. கேமராவுக்குக் காலி ரோடு எப்படி இருக்கும்னு மொதல்ல ஒரு படம் காட்டணும். அப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் அந்தப் படத்தோட ஒத்துப் பாக்கும். படத்துல இல்லாதது ஏதாவது வந்தா, செவப்பு. அந்தப் படத்துல ஏதோ கோளாறு. இருங்கோ, பாப்போம்."

பழைய படத்தைத் தேடி எடுத்தான். மஞ்சள் கோடு போட்ட மறுநாள் ஊரில் ஹர்த்தால். கடைகள் அடைப்பு, வண்டிகள் கிடையாது. அந்தத் தெரு காலியாகக் கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஹர்த்தால் அன்றுதான் பார்க்க முடியும். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று எல்லாக் கட்டங்களையும் அன்றைக்கே ஒரு சுற்றில் எடுத்து முடித்திருந்தான். படத்தில் நாச்சியாரின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. படிக்கட்டை ஒட்டி, கட்டத்துக்குள், ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் சாக்குத் துண்டு. முகம் தெரியவில்லை.

ஹரிகுமார் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சத்தியமா நான் பாக்கல மாமி. அன்னிக்கு இங்கதான் நின்னு எடுத்தேன். இவ இருந்ததே தெரியல."

"தாசம்மா" என்றாள் நாச்சியார்.

"இவளையும் ரோடுன்னு கேமரா நெனச்சுண்டுடுத்து. அவ இருந்தா காலி. அவ இல்லேன்னா, என்னவோ வந்து ஒக்காந்திருக்குன்னு அர்த்தம் பண்ணிக்கறது."

படத்தை மாற்ற வேண்டுமானால் தெரு மறுபடி காலியாக வேண்டும். விடியற்காலையில் லாரி வரிசை, பகலில் ஜனம், ராத்திரி வெளிச்சம் பற்றாது. ஆக, அடுத்த ஹர்த்தால் வரைக்கும் பொறுக்கத்தான் வேண்டும் என்றான். வேண்டாத நேரத்தில் வாரத்துக்கு ஒன்று நடத்துகிற ஊர். அந்தத் துலாமாதத்தில் பார்த்து ஒரு கட்சிக்காரனுக்கும் கோபம் வரவில்லை, என்ன செய்வது!

தாசம்மாள் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரி. லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது தையல் விட்டுச் சிந்துகிற அரிசியையும் பருப்பையும் பெருக்கி எடுத்து, புடைத்து, கல் பொறுக்கி விற்றுப் பிழைத்தவள். எந்தக் காலத்தில் வந்தாள் என்று நாச்சியாருக்கு ஞாபகமில்லை. கணவர் வேலப்பன் பிள்ளை இறந்து கடையை இவள் கையில் எடுத்தபோதே அந்தப் படிக்கட்டின் ஓரத்தில் ஒரு முறமும் ஒரு துடைப்பமும் இருந்தன. ஆளும் இருந்திருப்பாள். கேமரா வேலை செய்யத் தொடங்கிய அன்று நாச்சியார் கல்லாவிலிருந்தபடியே ஒரு சத்தம் போட்டாள். "ஏ தாசம்மா, கோட்டுக்குள்ள இருக்காத. கேமரா புடிச்சா எனக்குத்தான் ஃபைன் வரும். எங்கயாம் போ." தாசம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எந்தப் பக்கம் போனாள் என்று நாச்சியார் பார்க்கவில்லை. அதை இப்போது நினைத்துக்கொண்டவள், படிக்கட்டின் ஓரத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

பினுவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "அவள் இருந்தா பச்சைன்னா, வேற ஒருத்தர் இருந்தா போதுமே!" என்று தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு கட்டத்தில் குத்தவைத்தான். விளக்கு சிவப்பு. தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு குறுகினான். சிவப்பு. அவன் ஆட்களில் ஒல்லியான இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கடை கணக்கப்பிள்ளை உட்கார்ந்தார், வேட்டி நனைந்ததுதான் மிச்சம். தெருவே சிரித்தது. நாச்சியாரும் சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் ஷிஜி வந்தாள்.

இருபது வயதிருக்கும். பஸ்ஸில் வந்த களைப்பு, தோளில் ஒரு பை. "தாசம்மாளுக்க மகளாக்கும். அம்மை இஞ்ச தானே இருப்பா? ஓணம் களிஞ்ச பிறகு ஒரு விளியும் இல்ல. போனு அடிச்சா எடுக்கேல்ல."

சிரித்துக்கொண்டிருந்த முகங்களில் ஈயாடவில்லை. ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரன், "நேத்துகூட இங்கதானே இருந்தா?" என்றான். கணக்கப்பிள்ளையும், ஆமாம், காலையில் பார்த்தது போலத்தான் இருக்கிறது என்றார். பார்த்தது போல இருக்கிறதாம்! அவள் போய் மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது என்பது நாச்சியார் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டேஷனில் போய்ச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். போட்டோ கேட்ட இடத்தில் ஷிஜியிடம் இருந்தது தாசம்மாளைக் கல்யாண வயதில் எடுத்த படம். ஹரிகுமாரின் டேப்லெட்டில் இருந்ததுதான் அண்மையில் எடுத்தது. அதில் முகம் இல்லை.

திரும்பி வந்த ஷிஜி கட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டாள். "அம்மை எவிடயாக்கும் இருப்பா?"

பினு கையைக் காட்டினான். அவள் அங்கே போய், பையை மடியில் வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மழை தூறியதால், கிடந்த சாக்குத் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

விளக்கு பச்சையானது.

"எந்தம்மோ" என்றான் பினு.

அன்றிலிருந்து ஷிஜிக்கு அதுவே வேலை. லாரி வருகிற நேரத்தில் கட்டத்தில் உட்கார வேண்டும். பச்சை எரியும். பினு பின்னால் நின்று "போரட்டே, போரட்டே" என்று லாரியைப் பின்னுக்கு வரவழைப்பான். பாதி தூரம் வந்ததும் லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவான். அந்தத் தட்டுக்கு ஷிஜி எழுந்து ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். வண்டி கட்டத்துக்குள் நுழைந்து, கேமரா நம்பரைப் படித்துவிட்டால் அப்புறம் கவலை இல்லை. கம்பெனிக்கும் தெரியாது, அபராதமும் கிடையாது. இந்தக் குயுக்தி எல்லாம் நம்ம ஆட்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தும் வருவதில்லை, தானாக வரும்.

நாச்சியார் அவளைக் கடைக்கு மேலே சாக்கு அடுக்குகிற மச்சில் தங்கச் சொன்னாள். கரமனையிலிருந்து அவளுக்கென்று இன்னொரு தூக்கில் சோறு கொண்டு வந்தாள். வேலைக்கு வைத்திருக்கிறோம் என்பதைவிட, அம்மா வரும் வரைக்கும் ஒரு பெண் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. ஷிஜிக்கும் அங்கேயே இருக்கத்தான் விருப்பம். அம்மை வந்தால் இங்கேதானே வருவாள் என்றாள்.

முதலில் கவனித்தது டீக்கடைக்காரன்தான், ஆனால் அவன் கவனித்தான் என்பது அவனுக்கே தெரியாது. கடைக்கு டீ கொண்டு வருகிறவன் ஒரு கிளாஸ் குறைவாகக் கொண்டு வந்தான். "ஷிஜிக்கு எங்கலே?" என்றால் தலையில் தட்டிக்கொள்வான். மறுநாளும் குறைவாகவே கொண்டு வருவான். பிறகு, தெருவில் போகிறவன் ஒருவன் வெற்றிலை எச்சிலைப் புளிச்சென்று அவள் மேலேயே துப்பினான். நாச்சியார் அவனைக் கிழி கிழியென்று கிழித்தபோது அவன் திருதிருவென்று விழித்தான். "ரோட்டுலதானே அம்மா துப்பினேன்?" அவன் பொய் சொல்வது போல இல்லை.

ஒரு நாள் மத்தியானம் நாச்சியார் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவுகிறபோது, பக்கத்தில் திறக்காத இன்னொரு தூக்கைப் பார்த்தாள். இது யாருக்கு என்று ஒரு நொடி யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்ததே என்று கையிலிருந்த செம்பைப் போட்டாள். வாசலுக்கு ஓடினாள். கட்டத்தில் ஷிஜி இருந்தாள். ஆனால் அவளைப் பார்ப்பதற்கு நாச்சியார் கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்த இடத்தையே உற்று நோக்க வேண்டியிருந்தது. கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் சாக்கும் ஈரமும் தாரும்தான் தெரிந்தன.

"ஏட்டி ஷிஜி! சோறு திங்க வா."

அவள் எழுந்து வந்தாள். பேச்சு குறைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டு போகாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேலுக்கு முடியலியா பிள்ளே?"

"ஒண்ணும் இல்ல அக்கா. அங்க இருந்தா நல்ல சுகமாக்கும். ஒரு சத்தமும் கேக்காது."

லாரிச் சத்தம் காதைப் பிளக்கிற தெரு அது.

அடுத்த வாரம் வித்துரா மலையிலிருந்து மிளகு மூட்டை ஏற்றி வந்த ஒரு லாரி. பினு தட்டினான். லாரி நிற்காமல் வந்தது. பினு பின்னால் வா, வா என்று கையை ஆட்டிக்கொண்டே நின்றான். கட்டத்தில் அந்தப் பெண் இன்னும் எழவில்லை என்பது அவன் கண்ணில் படவே இல்லை. நாச்சியார்தான் கல்லாவைத் தாண்டிக் குதித்து, "நிறுத்துலே பாவி!" என்று அலறினாள். லாரியின் பின் டயருக்கும் ஷிஜியின் முழங்காலுக்கும் இடையில் ஒரு முறம் வைக்கிற இடம்தான் இருந்தது. டிரைவர் இறங்கி வந்து பார்த்தான். "பச்சை எரிஞ்சது. கண்ணாடியில பாத்தேன். மாதா மேல ஆணையா, ஒருத்தரும் இல்ல."

"இனி நீ அங்க இருக்க வேண்டாம்" என்றாள் நாச்சியார். "சரக்கு எறங்கினா எறங்குது, இல்லேன்னா கெடக்கு. ஊருக்குப் போ. அம்மையைத் தேடி நான் ஆளு விடுதேன்."

ஷிஜி முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "அம்மை வந்தாச்சு அக்கா. எனக்க பக்கத்துல தான் இருக்கா."

நாச்சியாருக்குக் கை ஓங்கிவிட்டது. "பயித்தியக்காரத்தனமாப் பேசாத! ஒனக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று கத்தினாள். கத்தக் கத்த பயம்தான் கூடியது. தாயைத் தொலைத்தது போதாதென்று இந்தப் பெண்ணையும் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மச்சுப்படிக் கதவைப் பூட்டி வைத்துப் பார்த்தாள். பொழுது விடிந்து கடைக்கு வந்தால், ஷிஜி கட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

ஹரிகுமாரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் டேப்லெட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். ஷிஜி இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவளுக்கு இடப்பக்கத்தில், படிக்கட்டுக்கும் அவளுக்கும் நடுவில், ஒரு சிறிய சிவப்புச் சதுரம் வந்து வந்து போயிற்று. 'ஆள்' என்று எழுத்து தோன்றும், மறையும். அது தோன்றுகிற நொடியில் மேலே விளக்கும் சிவப்பாகி, மறுபடி பச்சையாகும்.

"மழைத் தண்ணி பளபளக்கறதில்லையா, அதா இருக்கும்" என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

கடைசியில் ஹர்த்தால் வந்தது. எதற்காக என்று யாருக்கும் தெரியவில்லை, ஊரே சந்தோஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டது. நாச்சியார் கரமனையிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஹரிகுமார் இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். கட்டத்துக்குள் ஒரு காகிதத் துண்டு கிடந்ததைக்கூடப் பொறுக்கிப் போட்டான். பினுவை ஒரு பக்கமும் நாச்சியாரை ஒரு பக்கமும் நிற்க வைத்து, "யாராவது இருக்காளா, நன்னாப் பாருங்கோ" என்றான்.

"ஒருத்தரும் இல்ல" என்றான் பினு.

நாச்சியாரும் பார்த்தாள். ஈரத் தார், மஞ்சள் கோடு, படிக்கட்டு. "யாரும் இல்லலே, எடு" என்றாள்.

எடுத்தான். விளக்கு பச்சையானது. பினு கை தட்டினான். இனி யாரும் அங்கே உட்கார வேண்டாம், எல்லாம் சரியாகிவிட்டது என்று ஹரிகுமார் பெட்டியைக் கட்டினான். நாச்சியார் நிம்மதியாக வீட்டுக்குப் போய், நாள் கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் அவள் கையில் ஒரு தூக்கோடு கடைக்கு வந்தாள். விளக்கு பச்சை. ஆந்திரா அரிசி ஏற்றிய பெரிய லாரி தெருவுக்குள் திரும்பி, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. பினு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

"பாத்தியளா சேச்சி, தங்கம் மாதிரி வேலை செய்யுது. இத்தற நாளும் நாம என்ன பாடு பட்டோம்!"

"ஆமா" என்றாள் நாச்சியார். "நாம பச்சை எரிய வைக்க என்ன செய்தோம்லே?"

பினு வாயைத் திறந்தான். யோசித்தான். "சாக்கு போட்டு இருந்து பாத்தோமே. ஞான் இருந்தேன், கணக்கப்பிள்ளை இருந்தாரு…"

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு…" அவன் தலையைச் சொறிந்தான். "ஓர்மை இல்ல சேச்சி. ஆரோ இருந்தது."

யாரோ இருந்தாள். யார்? நாச்சியாருக்குப் பெயர் நாக்கு நுனியில் நின்றது, வரமாட்டேன் என்றது. கையில் ஒரு தூக்குத்தான் இருந்தது. இரண்டு தூக்கு கொண்டு வருகிற பழக்கம் எனக்கு உண்டே, யாருக்கு? மச்சைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. சாக்கு மச்சை ஏன் பூட்டி வைப்பார்கள், மேலே அரிசிச் சாக்கைத் தவிர என்ன இருக்கிறது? நேற்று ஹர்த்தாலில் யாரும் இல்லையா என்று கேட்டபோது, நான் யாரையாவது தேடினேனா?

தேடவில்லை. ஒரு தடவைகூடத் தேடவில்லை.

"போரட்டே, போரட்டே" என்று பினு கூப்பிட்டான். லாரி உறுமிக்கொண்டு பின்னால் வந்தது.

நாச்சியார் தூக்கை வீசிவிட்டு ஓடினாள். மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கட்டத்துக்குள் விழுந்தாள். அவள் விழுந்ததும் விளக்கு சிவப்பானது. டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் மேலே கட்டியிருந்த மூட்டை ஒன்று சரிந்தது. "சேச்சிக்கு என்ன, பைத்தியம் பிடிச்சோ?" என்று பினு கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. முட்டி போட்டு, இரண்டு கையாலும் படிக்கட்டு ஓரத்துத் தாரைத் தடவினாள். ஈரம். மண். சிந்திய அரிசி. கண்ணுக்கு ஒன்றும் இல்லை, கைக்கும் ஒன்றும் இல்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில், தினம் மத்தியானம் வாசலில் நின்று கூப்பிட்ட கூப்பாடு தானாக வாயில் வந்தது.

"ஏட்டி ஷிஜி! எழும்பு! எழும்புட்டீ சவமே, ஒன்னத் தொலைச்சிட்டு நான் எங்க போவேன்!"

கையில் ஒரு மணிக்கட்டு அகப்பட்டது. ஐஸ் போலச் சில்லென்று, எலும்பும் தோலுமாக. அவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்திலிருந்து கை தெரிந்தது, தோள் தெரிந்தது, சாக்குத் துண்டுக்குக் கீழே ஷிஜியின் வெளுத்த முகம் தெரிந்தது. பினு இரண்டடி பின்வாங்கி, லாரியில் முட்டிக்கொண்டு நின்றான். "தெய்வமே, இவ எப்ப வந்தா?"

"வா மக்கா, வா" என்று நாச்சியார் இழுத்தாள். அழுதுகொண்டே இழுத்தாள். ஷிஜி பாதி எழுந்தாள், அதற்கு மேல் வரவில்லை. அவளுடைய மற்றக் கை கீழே, படிக்கட்டுப் பக்கமாக, எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. அவற்றுக்குள் ஒன்றும் இல்லை.

"விடுட்டீ. வா."

"எனக்க அம்மையை விட்டுட்டு எப்பிடி அக்கா வாறது?" என்றாள் ஷிஜி. "அவளை ஆரும் எழும்பி வரச் சொல்லேல்ல. போவத்தான் சொன்னிய."

தெருவே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். நாச்சியார் ஒரு கையால் ஷிஜியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத அந்த இடத்தை நோக்கி நீட்டினாள். அத்தனை வருஷத்தில் தாசம்மாளின் கையை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. சில்லறை கொடுத்தாலும் மேலேயிருந்து முறத்தில் போடுவதுதான் வழக்கம்.

"தாசம்மா" என்றாள். தெருவுக்கெல்லாம் கேட்கும்படி மறுபடியும் கூப்பிட்டாள். "தாசம்மா, எழும்பி வா. கடைக்குள்ள வா."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. பிறகு உள்ளங்கையில் சொரசொரவென்று ஐந்து விரல் வந்து அழுந்தியது.

நாச்சியார் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். நல்ல கனம் இருந்தது.